எடுக்காமல் விட்ட சிரிப்பு

என் அப்பா ஆவுடைநாயகம் பதினான்கு படங்களில் இறந்தவராக வருகிறார். ஒன்றிலும் நடித்ததில்லை. சுவரில் அவர் போட்டோ, அதற்கு ஒரு மாலை, கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. இந்த வீட்டில் தகப்பன் இல்லை என்பதை வசனம் இல்லாமல் சொல்ல அது போதும்.

போன ஆனியில் நிஜமாகவே இறந்தார். வயது அறுபத்து மூன்று. காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதே பேச்சில்லை. செருப்புப் போடவில்லை. அது இன்னும் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே அப்படியே கிடக்கிறது.

நான் அவர் மகள். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் ரேடியோகிராபர். எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுப்பது வேலை. படத்தில் இருப்பதை மட்டும் சொல், இல்லாததை ஊகிக்காதே என்று எங்களுக்குப் படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். அப்பாவின் வேலை இதற்குத் தலைகீழ். இல்லாததைச் சொல்லத்தான் அவர் சாமான்களை எடுத்து வைத்தார்.

தென்காசியில் அவருக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாண அண்டா, ஜமுக்காளம், மடக்கு நாற்காலி. குற்றாலத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் பழைய கட்டில் கேட்டு வந்தார்கள். பிறகு பித்தளைக் குடம், மர பீரோ, பழைய காலண்டர். சாமானை இறக்கிவிட்டுத் திரும்பாமல் அப்பா அங்கேயே நின்று பார்ப்பார். ஒருநாள் கட்டிலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். கலை இயக்குநர் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி தப்பு?"

"தல மாட்டு வடக்க இருக்கு. எங்க ஊர்ல எவன் வடக்க தல வச்சிப் படுப்பான்? இத்தன வருசம் குடும்பம் நடத்துன வீடுங்கீக. பாக்கவன் நம்ப மாட்டான்."

அதற்குப் பிறகு கட்டில் வாடகைக்குப் போனால் அப்பாவும் கூடப் போக வேண்டும் என்றாகிவிட்டது.

போட்டோ வந்தது 2009இல். இலஞ்சியில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. சென்னையிலிருந்து கொண்டுவந்த இறந்த தகப்பனின் படம் சாரலில் நனைந்து மை கரைந்துபோனது. வேறு படம் வேண்டும். உயிரோடு இருப்பவன் படத்தை மாலை போட யார் கொடுப்பார்? செத்தவர் படத்தைப் பூஜை அறையிலிருந்து யார் கழற்றித் தருவார்? அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு ஓய்ந்துபோனார்கள். அப்பா பர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்தார். ரேஷன் கார்டுக்காக எடுத்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகத்தில் ஒன்றும் இல்லை.

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"போட்டோதான சாவுது. நான் டீ குடிக்கப் போறேன்."

ஒரு மணி நேரத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து மாட்டினார்கள். அன்றைக்குக் காட்சி முடிந்ததும் யூனிட்டில் மூத்த ஒருவர் அப்பாவை விடவில்லை. நடித்த சாவு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று, பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள். யாருக்கும் பயன்படாது, ஆனால் எடுப்பார்கள். போட்டோவுக்கும் அதுதான் சட்டம் என்றார் அவர். அப்பா தன் மாலையைத் தானே கழற்றி, போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

இந்தக் கதையை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா முத்துவடிவு கொண்டுவந்த காபியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டாள். பிறகு அவளும் ஒரு சட்டம் போட்டாள். படப்பிடிப்பிலிருந்து அப்பா வந்தால் படி ஏறும் முன்னே கேட்பாள்.

"சிரிச்சிட்டு வந்தீகளா?"

"முப்பத்திரண்டு பல்லும் காட்டிட்டு வந்தேன்."

"பின்னால கடவாப்பல்லு ரெண்டு கெடையாது."

"அப்ப முப்பது."

பிறகுதான் காபி. பதினைந்து வருடம் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் மாறவில்லை.

முகத்தில் ஒன்றும் இல்லாததால் அந்தப் போட்டோ எல்லாக் கதைக்கும் பொருந்தியது. நல்ல தகப்பன், குடிகாரன், கடலுக்குப் போய்த் திரும்பாதவன், எல்லாருக்கும் அதே முகம். கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சங்கரபாண்டி அப்பாவைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பார். "ஏலே, செத்தவுக வாராக, டீய நல்லாச் சூடாப் போடு." அப்பா, "சீனி கம்மியா. மேலோகத்துல சுகர் பாக்காங்க" என்பார்.

போட்டோ எங்கே தொங்க வேண்டும் என்பதை அவரே சொல்லத் தொடங்கினார். மகன் தப்புச் செய்கிற காட்சியில் அவன் தோளுக்குப் பின்னால், பார்வை அவன் பிடரியில் விழும்படி. மகள் அழுகிற காட்சியில் அவள் தலைக்கு மேலே. ஒரு படத்தில் பிள்ளைகள் வீட்டை விற்கப் பேசுகிறார்கள். அப்பா எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போனதை மாட்டினார். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார் இயக்குநர்.

"கவனிக்க மாட்டாக. ஆனா வீடு வெறிச்சின்னு இருக்கும்."

அந்தப் படத்தை நான் தியேட்டரில் பார்த்தேன். பல்பைக் கவனிக்கவில்லை. வீடு வெறிச்சென்றுதான் இருந்தது.

இன்னொரு படம். புருஷன் வேண்டாம் என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். அவனிடம் சொல்ல வேண்டும். முக்கால் பக்கம் வசனம். அப்பா வாசலில் கிடந்த செருப்பைக் காட்டினாராம். வீட்டுக்குள் வந்தவன் செருப்பு வீட்டைப் பார்த்தபடி கிடக்கும். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வெளியே வந்து அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கட்டும். அவ்வளவு போதும். முக்கால் பக்கமும் போயிற்று. அந்த நடிகைக்கு அதற்காகப் பாராட்டுக் கிடைத்தது. அப்பாவின் பெயர் படத்தின் கடைசியில், 'நன்றி' என்பதற்குக் கீழே, படிக்க முடியாத வேகத்தில் ஓடியது.

வீட்டிலும் அப்படித்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தோற்ற அன்று அவர் நாற்காலியை எனக்கு எதிரில் போடவில்லை, பக்கத்தில் போட்டார். இருவரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏன் என்று அப்போது தெரியாது. எதிரில் போட்டிருந்தால் அது விசாரணையாகியிருக்கும்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் படம் போன ஆனியில், அதே இலஞ்சியில். வெள்ளிக்கிழமை. நான் ஒரு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். டிப்ளமோ சான்றிதழின் படம் கேட்டது. என் கையில் இல்லை. ஊரில் பீரோவில் இருந்தது. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை அவள் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய்விடுவாள். அப்பாவைக் கூப்பிட்டேன். மூன்று நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டு வினாடி. உடனே வேண்டும் என்றேன். சரி என்றார். நான்கு இருபத்திரண்டுக்கு சான்றிதழின் படம் வந்தது. வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், கோணல் இல்லாமல், விரல் தெரியாமல். நன்றி என்று ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஞானதுரை வந்தார். அச்சன்புதூர்க்காரர், அந்தப் படத்தில் கலைப் பிரிவு உதவியாளர். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய சட்டம். வாசலிலேயே அம்மா கேட்டுவிட்டாள்.

"தம்பி, அன்னைக்குச் சிரிச்ச ஷாட் எடுத்தீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுக்கல அக்கா. ஷாட் முடிஞ்சிச்சு. அண்ணாச்சிக்கு ஒரு போன் வந்துச்சு. 'இந்தா வாரேன்'னு பைக்க எடுத்துட்டுப் போயிட்டாக. அதுக்குள்ள சாரல் வலுத்துட்டு. பேக்கப் சொல்லிட்டாங்க. மாலய அவுகதான் கழட்டணும்னு நாங்க யாரும் தொடல."

செய்தித்தாளைப் பிரித்தார். மாலை அப்படியே இருந்தது. சாமந்தி காய்ந்து பழுப்பாகி, நார் மட்டும் விறைத்து நின்றது. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கேட்டேன். கோயிலுக்குப் போயிட்டு வந்து, சிரிச்சிட்டு வந்தீகளான்னு கேட்டேன். பல்லப் பத்திச் சொல்லவே இல்லயே. 'ம்'னு மட்டும் சொன்னாக. எனக்கு அப்பவே தோணிச்சு." பிறகு குரல் மாறியது. "எந்தப் பாவி போன் போட்டான்? அவன் கை வெளங்குமா? அவன் குடும்பம் வெளங்குமா?"

விசேஷத்துக்கு வந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு கையைப் பிடித்திருந்தேன்.

மாலை போட்ட போட்டோவுக்கும் இதயத் தமனி அடைப்புக்கும் தொடர்பு இல்லை. எனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை இருந்தது, பத்து வருடமாக. ஆனால் தெரிவது ஒரு பக்கம் இருக்க, அன்றிலிருந்து மூன்று நாற்பத்தொன்று ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். சான்றிதழின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையின் கீழ்ப்பகுதியில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் குனிந்த ஒரு தலையின் வடிவம். முகம் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். முகம் வரவில்லை.

அந்தப் போட்டோவை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. வண்டி நிறுத்தும் ஷெட்டில் சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்தாள். சுவரில் மாட்ட வேறு படம் வேண்டும் என்றாள். "உசுரோட இருக்க படம் வேணும். செத்துப் பழகுன படம் வேண்டாம்."

தேடினேன். கல்யாண ஆல்பங்களில் அவர் பந்தியில் குனிந்து அண்டா தூக்குகிறார், முதுகுதான் தெரிகிறது. குடும்பமாக எடுத்த படங்களில் எங்களைச் சரியாக நிற்க வைத்துவிட்டு அவர் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார். செல்போனில் இருப்பவை அண்டாக்களும் நாற்காலிகளும்.

வெளியான பதினான்கு படங்களையும் வரிசையாகப் பார்த்தேன், பகலில், சத்தத்தை அணைத்துவிட்டு. முதல் படத்தில் அவர் இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். என் பிறந்தநாள் அன்று வெளியான ஒன்றில் அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. எந்த வீட்டுக்குள் கேமரா நுழைந்தாலும் அவர் எனக்கு முன்னால் போய்த் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு நடிகை அவரைப் பார்த்து "அப்பா" என்று அழுதாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் சிரிப்பு ஷாட்டுகள் நினைவுக்கு வந்தன. அவற்றை எடுத்தார்களே. எங்காவது இருக்க வேண்டுமே. ஞானதுரையை அழைத்தேன்.

"பழைய படத்துதெல்லாம் அழிச்சிருப்பாங்கம்மா. இந்தக் கடைசிப் படம்தான் எடிட்டிங்ல இருக்கு. ஆனா அதுலதான் எடுக்கலியே."

"எடுத்ததை எல்லாம் கேளுங்கண்ணே. ஷாட்டுக்கு முன்னாடி, பின்னாடி, எதுவா இருந்தாலும். ஓரத்துல எங்கயாச்சும் நின்னுருப்பாங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு இணைப்பு அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியம், அந்த அறை, எட்டு டேக். கடைசி டேக் மட்டும் நீளமாக இருந்தது. சாரலுக்கு விளக்குகளை மூட ஓடியவர்கள் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.

வசனம் முடிகிறது. நடிகர்கள் விலகிப் போகிறார்கள். வெளியே யாரோ தார்ப்பாய் கேட்டுக் கத்துகிறார்கள். அறை காலி. நடுவில் ஒரு மர நாற்காலி, சுவரில் போட்டோ, மாலை, சிவப்பு பல்பு. வலப்புறமிருந்து அப்பா வருகிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. கேமராவைப் பார்க்கவில்லை. நடிகர் தள்ளிவிட்டுப் போன நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்துகிறார். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். போட்டோவின் சட்டத்தை ஒரு விரலால் கொஞ்சம் நிமிர்த்துகிறார். பிறகு மாலையைக் கழற்றக் கையை உயர்த்துகிறார். போன் அடிக்கிறது. கை மாலைக்கு ஒரு ஜாண் தூரத்தில் நிற்கிறது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பெயரைப் படிக்கிறார்.

சிரிக்கிறார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் எதிரில் இருக்கும்போது அது வந்திருக்காது. என் பெயர் போனில் வரும்போது வருவதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? சாரல் இரைச்சலில் குரல் கேட்கவில்லை, "சொல்லுட்டி" என்று வாய் அசைவது மட்டும் தெரிகிறது. பேசிக்கொண்டே இடப்புறம் போய்விடுகிறார். அதன் பிறகு நாற்பது வினாடி அறை மட்டும் இருக்கிறது. போட்டோ, மாலை, பல்பு. எல்லாம் அவர் வைத்தபடி. பின்னர் யாரோ வந்து கேமராவை நிறுத்துகிறார்கள்.

பிற்பகலில் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். எதிரில் உட்காராமல் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். லேப்டாப்பை இருவருக்கும் முன்னால் வைத்தேன்.

அவர் உள்ளே வந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "இந்தச் சட்டையத்தான் துவைச்சி மடிச்சி வச்சிருக்கேன்." கை மாலைக்குப் போனபோது மூச்சை இழுத்துக்கொண்டாள். முடிந்ததும், "இன்னொருக்கப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாவது முறை சிரிப்பில் நிறுத்தச் சொன்னாள்.

"பல்லு தெரியுது."

"ஆமா."

"கேமராக்கு முன்னாலதான சிரிக்காக? போட்டோவும் பக்கத்துல இருக்கு."

"ஆமாம்மா."

"அப்ப ஷாட்டு எடுத்தாச்சு. ஞானதுரைக்குத் தெரியல." திரையைத் துண்டால் துடைத்தாள். பிறகு கேட்டாள். "யாருகிட்டப் பேசுதாக, இப்பிடிச் சிரிச்சிக்கிட்டு?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். கடை விஷயமாக யாரோ என்றால் போதும். படத்தில் பெயர் தெரியாது.

"நான்தாம்மா. சர்ட்டிபிகேட் வேணும்னு நான்தான் போன் போட்டேன்."

அம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது பயம். என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அடிபட்ட கையைப் பார்ப்பதுபோல.

"நான் என்னெல்லாம் சொன்னேன்? ஏட்டி, கை வெளங்காதுன்னு சொன்னேனே. எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல?"

எழுந்தாள். என் கையை விடவில்லை. ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரைப் பார்த்திருந்த போட்டோவைத் தானே திருப்பினாள், தூக்கி வந்து வாசற்படி அருகில் தூணில் சாய்த்தாள். தூறல் படியின் விளிம்பு வரை நனைத்திருந்தது.

"கழட்டு."

"அவங்கதான் கழட்டணும்னு…"

"அவுக கையத் தூக்குனத நான் பாத்துட்டேன். நீ போன் போட்டதுனாலதான விட்டாக? மிச்சத்த நீ செய்யி."

கழற்றினேன். நார் சட்டத்து ஆணியில் சிக்கியிருந்தது. இழுத்ததும் பூ தூளாக உதிர்ந்தது. அப்பாவின் முகம் எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

"அங்கனயே நில்லு." அம்மா என் போனை வாங்கினாள். அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது. எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். தூரமாகப் போய் நின்றுகொண்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சிரி."

"அம்மா."

"சிரிட்டி. சிரிச்சாத்தான் நான் சொன்னது போவும். பல்லு தெரியணும்."

சிரித்தேன். அல்லது வாயைத் திறந்தேன். அவள் எத்தனை முறை அமுக்கினாள் என்று தெரியாது. "பேசாம நில்லு, ஆடாத" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

சுவரில் இப்போது மாட்டியிருப்பது அந்தச் சிரிப்பில் நிறுத்தி எடுத்த, நீலக் கட்டம் போட்ட சட்டைப் படம். மாலை போடவில்லை. பல்பும் இல்லை. பக்கத்தில் தொங்கும் மாலை தெரியாதபடி வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவர் பார்த்துப் பார்த்து வைத்த அறை என்றாள் அம்மா.

அவள் எடுத்த படம் என் போனில் இருக்கிறது. மேல் மூலையில் அவள் விரல். போட்டோ பாதி வெட்டுப்பட்டு, அப்பாவின் ஒரு கண் மட்டும். நான் நடுவில் இல்லை, வலது பக்கம் சாய்ந்திருக்கிறேன். என் வாய் திறந்திருக்கிறது. அது சிரிப்பா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இடது ஓரத்தில், படிக்குக் கீழே, அப்பாவின் செருப்பு. வீட்டைப் பார்த்தபடி.